சிவப்பு விளக்கு எரிந்த பிறகு: பிக்கப் வண்டியின் இன்ஜின் ஏன் நடுவழியில் நிற்கிறது?

விடியற்காலை நாலே முக்கால் இருக்கும். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் புறப்பட்ட என் தம்பி, சுங்கச்சாவடியைத் தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்கத் தொடங்கியிருந்தான். வண்டி மூன்றாவது கியரில் இருந்தது. மீட்டரில் எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கு ஒரு முறை மினுக்கி அணைந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் ஆயில் ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இரண்டாவது வளைவுக்குள் அந்த விளக்கு நிலையாக எரிந்தது. கூடவே கீழேயிருந்து ஒரு சத்தம். "தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி இருந்துச்சுண்ணா" என்றான். அடுத்த நிமிடம் இன்ஜின் இறுகி, பின் சக்கரம் இழுத்தது. கிளட்ச்சை மிதித்தான். வண்டி விடுபட்டு உருளத் தொடங்கியது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. முதல் முறை மிதித்தபோது பிரேக் பிடித்தது. இரண்டாவது முறை பாதி பிடித்தது. மூன்றாவது முறை பெடல் பலகைபோல நின்றுவிட்டது. கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓர மண்ணில் சக்கரத்தை இறக்கி, ஒரு வழியாக நிறுத்தினான். பின்னால் வந்த சிமெண்ட் லோடு லாரி ஆரன் அடித்துக்கொண்டே ஒரு முழ தூரத்தில் கடந்து போனது.

வண்டிக்கு அப்போது இரண்டு வருடம் பத்து மாதம். ஓடியது 71,000 கிலோமீட்டர். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இழுத்துக்கொண்டு போய் விட்டோம். மூன்றாம் நாள் எஸ்டிமேட் வந்தது: ரூ.1,62,000. வாரண்டி கேட்டதற்கு, ஒரு சர்வீஸ் 1,400 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது, அதிக பாரம் ஏற்றியிருக்கிறீர்கள், அதனால் கிடையாது என்றார்கள். அன்றைக்கு ஏற்றியிருந்தது அனுமதித்த எடைக்குள்தான். மண்டி ரசீதே இருக்கிறது. மாங்காய் சீசனில் சில நாள் கூடுதலாக ஏற்றியதும் உண்மைதான், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எங்கள் வீட்டில், தெருவில், மண்டியில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எப்படிய்யா ஓட்டுன?" இன்ஜின் ஏன் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

யாரும் கேட்காத அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இதை எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் இன்று பிக்கப் வண்டியில்தான் ஓடுகின்றன. ராயக்கோட்டை தக்காளி, ஓசூர் பக்கத்து ரோஜா, பர்கூர் புளி, கிருஷ்ணகிரி மாங்காய், ஊத்தங்கரை பால் கேன் எல்லாம் இதில்தான் போகின்றன. 2005ல் டாடா ஏஸ் வந்தபோது ஊரே அதைக் குட்டி யானை என்று செல்லமாகக் கூப்பிட்டது. 2011ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, அதுவும் நம் ஓசூர் ஆலையிலேயே தயாராகி. மாட்டு வண்டி வைத்திருந்த வீட்டுப் பையன்கள் டியூ கட்டிச் சொந்த வண்டிக்காரர்கள் ஆனது இந்த இருபது வருடத்தில்தான். அதனால் ஒரு இன்ஜின் நின்றால் ஒரு குடும்பத்தின் மாத வருமானமே நிற்கிறது. அது கணவாயில் நின்றால் உயிரும் சேர்ந்து போகலாம்.

இன்ஜினுக்குள் நடந்தது என்ன என்பதை எனக்குக் காட்டியவர் பாலக்கோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன். சர்வீஸ் சென்டரில் இன்ஜினைப் பிரித்த அன்று அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஸம்ப்பைக் கழற்றி, உள்ளே இருந்த ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றச் சொன்னார். கருப்பு ஆயில் துணியில் பரவியதும் வெயிலில் அது மினுமினுத்தது. சரிகைத் தூள் கலந்தது போல. "இது ஆயில் இல்ல தம்பி, பேரிங்கு" என்றார். பிறகு கனெக்டிங் ராடின் கீழ்மூடியைத் திறந்து, பாதி வளையல் போல் இருந்த ஒரு தகட்டை நகத்தால் எடுத்துக் கொடுத்தார். சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்க வேண்டியது. என் கையில் இருந்ததில் சாம்பல் பூச்சு முழுக்கத் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. ஓரம் பிதுங்கி, காகிதம் போல மெலிந்திருந்தது.

டீசல் எரியும்போது பிஸ்டனை இடிக்கும் விசை கனெக்டிங் ராட் வழியாக, சுழலும் தண்டான கிராங்குக்கு வருகிறது. ராடும் கிராங்கும் சேரும் இடத்தில் இருக்கும் இந்தத் தகடுதான் பேரிங். வண்டி நன்றாக ஓடும்போது தகடும் கிராங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இடையில் ஓர் ஆயில் படலம். நம் தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். ஆயில் பம்பு அழுத்தித் தள்ளும் ஆயிலும் கிராங்கு சுழலும் வேகமும் சேர்ந்து அந்தப் படலத்தை உண்டாக்குகின்றன. 2,000 சுற்றில் ஓடும் இன்ஜினில் கிராங்கு ஒரு நொடிக்கு 33 முறை சுழல்கிறது. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். உதிரும் தூள் ஆயிலோடு கலந்து அடுத்த பேரிங்குக்குப் போகும். சூடேறி தகடு ஒட்டிக்கொண்டு சுற்றிவிட்டால் ஆயில் வரும் துளையே அடைபடும். அதற்கு மேல் சில நிமிடம்தான். ஒன்று இன்ஜின் ஜாம் ஆகும். இல்லாவிட்டால் ராட் உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

அதனால்தான் அந்தச் சிவப்பு விளக்கு மற்ற விளக்குகளைப் போன்றதில்லை. ஆயில் அழுத்தம் இல்லை என்று அது சொல்லும்போதே உள்ளே தேய்மானம் தொடங்கிவிட்டது. "மண்டிக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்பதற்கு இடமில்லை. ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்தாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது, ஏனென்றால் ஆயில் இருப்பதும் அது அழுத்தத்தோடு பேரிங்குக்குப் போவதும் வேறு வேறு.

இப்படிப் பேரிங் போவது ஓட்டுநரின் தப்பு மட்டும்தானா? அமெரிக்காவில் நடந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது.

அங்கே பிக்கப் என்றால் நம் வண்டியைவிடப் பெரியது. காரைப்போலப் பல வீடுகளில் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஷெவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா பிக்கப்களிலும் அதே நிறுவனத்தின் பெரிய எஸ்யூவிகளிலும் 6.2 லிட்டர் எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று இருந்தது. ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடுகிறது என்று உரிமையாளர்கள் எழுதத் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியபோது அதன் கையில் நேரடியாக இருந்த புகார்கள் 39தான். ஏப்ரலில் நிறுவனமே 2021 முதல் 2024 வரையிலான மாடல்களில் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. அப்போது அது அரசிடம் கொடுத்த கணக்கில், இதோடு தொடர்புடையதாக இருக்கக்கூடிய புகார்களும் சம்பவங்களும் 28,102. அவற்றில் 14,332 ஓடும்போதே இழுவை போனதாகச் சொன்னவை. 12 விபத்துகள், 12 பேருக்குக் காயம், 42 தீ.

காரணமாக நிறுவனம் சொன்னதை மெக்கானிக் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். கனெக்டிங் ராடிலும் கிராங்கின் ஆயில் பாதையிலும் தங்கிப்போன துகள். அளவு பிசகிய, மேற்பரப்பு சரியாகத் தேய்க்கப்படாத கிராங்குகள். இரண்டுமே தயாரிப்பின்போது நேர்ந்தவை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ ஓட்டுறவன் என்ன பண்ணுவான்?" என்று மட்டும் கேட்டார்.

டொயோட்டாவின் கதையும் ஏறத்தாழ இதுதான். 2022, 2023 மாடல் டன்ட்ரா பிக்கப்பும் லெக்சஸ் எல்எக்ஸும் சேர்த்து ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வண்டிகளை 2024 மே மாதம் திரும்ப அழைத்தார்கள். ஆறு சிலிண்டர் இரட்டை டர்போ இன்ஜினைக் கடைந்தபோது உதிர்ந்த உலோகத் தூள் முழுதாகக் கழுவப்படாமல் உள்ளேயே தங்கியிருக்கலாம், அது கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கைத் தின்றுவிடும் என்பது காரணம். பழுது பார்ப்பதோடு நிற்காமல் இன்ஜினையே மாற்றித் தருவதாக முடிவெடுத்தார்கள். உலகத்திலேயே தரத்துக்குப் பேர் போன நிறுவனத்துக்கே இது நடக்கிறது என்றால், எந்த ஆலையிலும் நடக்கலாம். அதைச் சொல்வதில் யாரையும் பழிப்பது இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் செய்த பரிகாரத்தில் ஒன்று கவனிக்க வேண்டியது. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலுக்குப் பதில் 0டபிள்யூ-40 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றினார்கள். கெட்டியான ஆயில் சூட்டிலும் தடித்த படலம் தரும். இதைக் கேட்டுவிட்டு நம் ஆட்கள் கெட்டி ஆயில் தேடிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது அந்த இன்ஜினுக்கு, அதைச் செய்தவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னது. நம் வண்டிக்கு என்ன கிரேடு என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிறதோ அதுதான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பி.எஸ். 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் லிட்டருக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும்; ஆனால் அது எரிந்து விடும் சாம்பல் சைலன்சர் பாதையில் இருக்கும் புகை வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

அந்த வடிகட்டியைப் பற்றி நம் ஊரில் யாரும் உட்கார்ந்து விளக்குவதே இல்லை. வண்டி டெலிவரி கொடுக்கும்போது மாலை போட்டு, எலுமிச்சை வைத்து, சாவியைக் கையில் தருகிறார்கள். டிபிஎஃப் என்று ஒன்று இருக்கிறது, அதன் விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைப்பது அதன் வேலை. நிரம்பியதும் இன்ஜின் தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, கரியை எரித்துவிடும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும் வண்டிக்கு இது நடப்பதே தெரியாது. ஆனால் மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு, பாலக்கோட்டிலிருந்து ஒரு தோட்டம், அங்கிருந்து மண்டி, நடுவில் அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்யும் வண்டியில் கரி முழுதாக எரிவதற்குள் இன்ஜின் நின்றுவிடும். திரும்பவும் தொடங்கும், திரும்பவும் நிற்கும். பல இன்ஜின்களில் இதற்குப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்துவிடுகிறது. டிப் ஸ்டிக்கில் பார்த்தால் ஆயில் அளவு ஏறியிருக்கும். "ஆயிலே குறையலண்ணா, நல்ல வண்டி" என்று என் தம்பி பெருமையாகச் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. குறையாதது மட்டுமில்லை, கொஞ்சம் கூடியும் இருந்தது. டீசல் கலந்த ஆயில் தண்ணீராக இளகும். இளகிய ஆயில் நான் மேலே சொன்ன படலத்தைத் தாங்காது.

அதற்கு வழி இருக்கிறது. டிபிஎஃப் விளக்கு எரிந்தால் வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் போல சீராக ஓட்டி எரியவிட வேண்டும். ஆயில் அளவு ஏறினால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்ற வேண்டும். வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளுக்குப் போனால் மாசுச் சான்றும் போகும், வாரண்டியும் போகும்.

இனி நம் மண்ணுக்கே உரிய காரணங்கள். முதலில் தண்ணீர். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட மக்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நம் போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பும் கடினமும் கூடியது. சோறு வடிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதே தண்ணீரைத்தான் கோடையில் ரேடியேட்டர் குறைந்தால் ஊற்றுகிறோம். பாத்திரத்தில் படிவது அங்கே மெல்லிய குழாய்களுக்குள் படியும். சூடு வெளியேற வழியில்லாமல் சிலிண்டர் ஹெட் வளையும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் காஸ்கெட் போகும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஆயிலில் இறங்கி ஆயில் பால்காபி நிறத்துக்கு வரும். அதோடு பேரிங்கும் முடிந்தது. கூலண்ட் ஒரு கேன் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். அவசரத்துக்கு ஊற்றியே ஆக வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றிவிட்டு, ஊர் வந்ததும் முழுதாகக் கழுவி மாற்றிவிடலாம்.

அடுத்தது தூசி. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிக்கும் கிரஷருக்கும் ஓடும் வண்டிகளின் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல் தூள் உப்புத்தாள் மாதிரி. உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அறுத்துவிடும். புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் தார் ரோட்டுக்குச் சொன்னது. குவாரி வண்டிக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்வது நல்லது.

பாரம் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை. மேடு ஏறும்போது உயர்ந்த கியரில் இன்ஜினைத் திணறவிட்டு ஏற்றுவதுதான் பேரிங்குக்குக் கொடுமை. சுழற்சி குறைவு, இடி அதிகம், ஆயில் படலம் மெலிகிறது. அஞ்செட்டி மலைப் பாதையிலும் வத்தல்மலைக் கொண்டை ஊசிகளிலும் கியரைக் குறைத்து ஏறுகிறவர்களின் இன்ஜின் நீண்ட நாள் வருகிறது என்று மெக்கானிக் அண்ணன் சொல்வதை நான் நம்புகிறேன்.

தொப்பூருக்குத் திரும்புவோம், ஏனென்றால் இன்ஜின் பழுது அங்கேதான் விபத்தாக மாறுகிறது. சேலம் நோக்கி இறங்கும் அந்தக் கணவாயில், இரட்டைப் பாலம் பக்கம், 2020 டிசம்பரில் கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி வரிசையாக நின்ற வண்டிகளில் மோதியது. 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் மோதி ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது, கார் தீப்பிடித்தது. இரண்டு முறையும் நான்கு நான்கு உயிர்கள். உயர்மட்டச் சாலை போடும் பணி எடுக்கப்பட்டிருக்கிறது. அதுவரை, அதற்குப் பிறகும்கூட, இறக்கம் இறக்கம்தான்.

போலீஸார் அங்கே ஒலிபெருக்கி வைத்தும் பலகை வைத்தும் சொல்வது நியூட்ரலில் இறக்காதே என்பதைத்தான். டீசல் மிச்சமாகும் என்று நம் ஓட்டுநர்கள் பலர் இன்றும் நம்புகிறார்கள். பழைய வண்டிக்கு அதில் ஏதோ ஒரு பொருள் இருந்திருக்கலாம். கம்ப்யூட்டர் அளந்து டீசல் பீய்ச்சும் இன்றைய காமன் ரெயில் வண்டியில் கணக்கு தலைகீழ். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கினால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது. கம்ப்யூட்டர் டீசலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் இறக்கினால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். ஆக, நியூட்ரலில் போகிறவர்தான் டீசலைச் செலவழிக்கிறார், பிரேக் லைனிங்கையும் எரிக்கிறார்.

என் தம்பியின் பிரேக் ஏன் பலகையானது என்பதற்கும் விடை இன்ஜினில்தான் இருக்கிறது. சிறு பிக்கப்களில் பிரேக் பெடலுக்கு உதவி செய்வது, வெற்றிடத்தால் வேலை செய்யும் ஒரு வேக்கம் பூஸ்டர். அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் பம்பு இன்ஜினோடு சேர்ந்து சுழல்வது. இன்ஜின் நின்றால் பூஸ்டரில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். விட்டுவிட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்துவிடும். பிரேக் அப்போதும் வேலை செய்யும், ஆனால் இரண்டு காலும் சேர்த்து மிதிக்கும் பலம் வேண்டும். அதனால் இன்ஜின் அணைந்தது தெரிந்ததும் பெடலை ஒரே அழுத்தாக, விடாமல் மிதித்துப் பிடிக்க வேண்டும். கைபிரேக்கை மெல்ல இழுக்க வேண்டும். சாவியை முழுதாகத் திருப்பி எடுத்துவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் சுழல்கிற நிலையில் வெறுமனே அணைந்திருந்தால் கியரிலேயே விட்டால் அது பிடித்து நிறுத்த உதவும். என் தம்பியுடையது போல் இறுகிப் போயிருந்தால் கிளட்ச்சை மிதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நின்றபின் நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு, எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு 1033க்கு அழைக்க வேண்டும். அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண். வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து பழுது பார்ப்பதோ, பின்னால் நின்று போன் பேசுவதோ எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது என்பது நம் ஊர்ச் சாவு வீடுகளுக்குத் தெரியும்.

இன்னொன்று, பின்னால் ஆள் ஏற்றுவது. பூ பறிக்க, தக்காளி பறிக்க, காதுகுத்துக்கு, எழவுக்கு என்று சரக்குப் பெட்டியில் இருபது பேர் நின்றுகொண்டு போவதை நாம் தினமும் பார்க்கிறோம். பஸ் இல்லாத ஊர்களில் வேறு வழி இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்த பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தரக் கடமைப்பட்டதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002ல் ஆஷா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு வந்தால் மட்டும் வேறு. அதே இன்ஜின், அதே இறக்கம், பின்னால் இருபது பேர் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. இன்ஜின் பழுதுக்கும் வண்டி இன்சூரன்ஸில் பணம் கிடையாது. இயந்திரக் கோளாறு சாதாரண பாலிசியில் விலக்கப்பட்ட இனம்.

சரி, தப்பு தயாரிப்பில் இருந்தால் நமக்கு என்ன வழி? சட்டம் இல்லாமல் இல்லை. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஒரு வகை வண்டியின் குறை அதில் போகிறவருக்கோ சாலையில் போகும் மற்றவருக்கோ கேடு விளைவிக்குமானால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம் என்கிறது. அதற்கு ஒரு வழி, குறிப்பிட்ட பங்கு உரிமையாளர்கள் அரசிடம் புகார் பதிவது. அழைத்த பிறகு உற்பத்தியாளர் முழு விலையைத் திருப்பித் தரலாம், வேறு வண்டி தரலாம், சரிசெய்து தரலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். கட்டாயத் திரும்ப அழைப்பு வந்தால் தண்டம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை.

நம் ஆட்களில் இது தெரிந்தவர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. இங்கேதான் எனக்கு மனம் தவிக்கிறது. அமெரிக்காவில் அந்த 39 புகாரையும் எழுதியவர்கள் வண்டி உரிமையாளர்கள். வண்டி எந்த மாடல், எந்தத் தேதி, எத்தனை மைல், எந்த இடத்தில், எப்படி நின்றது என்று எழுதி அரசுக்கு அனுப்பினவர்கள். நம் ஊரில் அதே சம்பவம் மூன்று இடத்தில் முடிந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று எழுதிவிடுகிறார்கள். போலீஸில் "அஜாக்கிரதையாக ஓட்டியதால்" என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டில் விதி என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே மாடலில் பத்துப் பேருக்குப் பேரிங் போயிருந்தாலும் அந்தப் பத்தும் ஒரே காகிதத்தில் சேர்வதில்லை.

ஆகவே சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது, நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்: "ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தது, இன்ஜின் நின்றது." எழுத மறுத்தால் அதையே கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இன்ஜினைப் பிரிக்கும்போது கூடவே இருந்து போட்டோ எடுங்கள். கழற்றிய பாகம் உங்கள் சொத்து. பணம் கட்டி மாற்றியிருந்தால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆயிலை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து வையுங்கள். ஆயில் வாங்கிய பில், சர்வீஸ் பில், எடைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். தயாரிப்புக் குறை என்று வாதிட்டால் நுகர்வோர் ஆணையம் நிபுணர் கருத்து கேட்கும். அப்போது பேசப் போவது இவைதான்.

நுகர்வோர் வழக்கு வணிக வண்டிக்குப் பொருந்தாது என்று எங்களிடமும் சொன்னார்கள். பாதிதான் உண்மை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. தானே ஓட்டி, டியூ கட்டி, குடும்பம் நடத்துகிறவர் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவர் நிலை வேறு. வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்குள் வரும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். காலக்கெடு இரண்டு வருடம். மனுவுக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து, அந்தப் பதிவு எண்ணையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வண்டியைக் கடைசியில் பாலக்கோட்டுப் பட்டறையில்தான் சரிசெய்தோம். கிராங்கைச் சேலத்துக்கு அனுப்பித் தேய்த்து, புதுப் பேரிங் போட்டு, முப்பத்திரண்டு நாள் ஆனது. அந்த முப்பத்திரண்டு நாளும் டியூ நிற்கவில்லை. தம்பி அடுத்தவர் வண்டியில் ஆக்டிங் டிரைவராகப் போனான். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து, அன்று காலை நடந்ததை நேர வரிசையில் நாலு பக்கம் எழுதினோம். எழுதும்போதுதான் அந்த விளக்கு அதற்கு முந்தின வாரமே ஒருமுறை, காரிமங்கலம் தாண்டி மினுக்கியது அவனுக்கு ஞாபகம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதினோம். ஒரு படி நிறுவனத்துக்கு, ஒரு படி ஆணையத்துக்கான மனுவோடு.

செம்பு தெரியும் அந்த இரண்டு பேரிங் தகடும் இப்போது ஒரு பிளாஸ்டிக் உறையில், தேதியும் கிலோமீட்டரும் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடும் ஃபைனான்ஸ் பாஸ் புத்தகத்தோடும் அம்மாவின் பீரோவில் இருக்கின்றன. ஆயில் பாட்டில் மட்டும் வாடை அடிக்கிறது என்று அம்மா மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.